தண்ணிப் பிரச்சினை இருக்கா சார்?

எங்கள் அபார்ட்மெண்டில் ஈபி மீட்டர் பலகை ஆளுயரத்தில் இருக்கிறது. அதன் அடிப்பக்கமே ஐந்தரை அடி. ரீடிங் எடுக்க வருகிறவர் முதலில் வாட்ச்மேனிடம் ஸ்டூல் கேட்பார். பச்சை பிளாஸ்டிக் ஸ்டூல், ஒரு கால் லேசாக ஆடும். அதில் ஏறி, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, எட்டு வீட்டு மீட்டரையும் பார்த்துவிட்டு, “இதை யாருப்பா இவ்ளோ மேல வெச்சது” என்று பொதுவாகக் கேட்டபடி இறங்குவார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இது நடக்கும். 2019 ஆகஸ்டில் வீடு பார்க்க வந்தபோது நாங்களும் அந்தப் பலகையைப் பார்த்தோம். “குழந்தைங்க கை வெச்சிடக் கூடாதுன்னு இருக்கும்” என்றாள் மனைவி. விவரமான பில்டர்தான் என்று நானும் நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்போடு 62 லட்ச ரூபாய் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தோம்.

அந்த வருடம் சென்னையில் இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. வீடு பார்க்கப் போனால் கிழக்கு வாசலா, வாஸ்து சரியா என்பதெல்லாம் அப்புறம். போர் எத்தனை அடி, லாரி வாரத்துக்கு எத்தனை தடவை என்பதுதான் முதல் கேள்வி. எங்களுக்கு விற்றவர் நேராக மொட்டைமாடிக்கு அழைத்துப் போய் மோட்டாரைப் போட்டுக் காட்டினார். தொட்டியில் தண்ணீர் கொட்டிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. “பக்கத்துலயே சதுப்பு நிலம் சார். ஊரே காஞ்சாலும் இந்தத் தெரு காயாது.” வேளச்சேரிக்குத் தெற்கே, பள்ளிக்கரணைக்கு இந்தப் பக்கம். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. இந்தத் தெரு காயவே காயாது.

என்னைப் பற்றித் தெரியாதது ஒன்றுமில்லை

லோனுக்கு விண்ணப்பித்த பிறகுதான் என்னைப் பற்றியே எனக்குப் பல விஷயங்கள் தெரியவந்தன. எப்போதோ மூடிவிட்டதாக நினைத்த ஒரு கிரெடிட் கார்டில் ஆண்டுக் கட்டணம் 500, ஜிஎஸ்டி 90, ஆக 590 ரூபாய் கட்டாமல் நின்றிருக்கிறது. அதனால் சிபில் ஸ்கோர் 741. இன்னும் ஒன்பது புள்ளி இருந்தால் வட்டி கொஞ்சம் குறையும் என்றார் வங்கியில் இருந்த பையன். அவனுக்கு என் மகன் வயதுகூட இருக்காது, ஆனால் என் பேங்க் ஸ்டேட்மெண்டை வைத்துக்கொண்டு கேட்ட கேள்விகள் மாமனார்கூடக் கேட்காதவை. “மாசாமாசம் அஞ்சாம் தேதி ஒரு அக்கவுண்டுக்கு ஏழாயிரம் போகுதே சார், அது என்ன, கைமாத்தா?” ஊரில் அம்மாவுக்கு அனுப்புவது. அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

வக்கீல் இன்னும் ஒரு படி மேலே போனார். முப்பது வருட வில்லங்கச் சான்றிதழ், பட்டா, தாய்ப்பத்திரம், அதற்கு முந்தைய பத்திரம் என்று தோண்டிக்கொண்டே போய், 1994-ல் மனையாக இருந்தபோது நடந்த ஒரு விற்பனையில் ஒரு சகோதரியின் கையெழுத்து இல்லை என்பதைக் கண்டுபிடித்தார். அந்த அம்மாவைத் தேடிப் பிடித்து விடுதலைப் பத்திரம் வாங்க விற்றவருக்கு ஆறு வாரமானது. எனக்கு அப்போது எரிச்சலாக இருந்தாலும், உள்ளுக்குள் ஒரு நிம்மதி. இவ்வளவு துருவிப் பார்க்கிறார்கள் என்றால் எதையும் விட்டிருக்க மாட்டார்கள் என்ற நிம்மதி. நடுத்தர வர்க்கத்துக்காரன் வீட்டைப் பார்த்து வீடு வாங்குவதில்லை. பேங்கே லோன் கொடுத்துவிட்டதே என்று வாங்குகிறான்.

இப்போது இதெல்லாம் இன்னும் வேகம். 2021-ல் அக்கவுண்ட் அக்ரிகேட்டர் வந்த பிறகு ஸ்டேட்மெண்டை அச்செடுத்துத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், போனில் சம்மதம் கொடுத்தால் நேராகவே போய்விடும். 2025 ஜனவரியில் நம் கடன் விவரத்தைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் முறை வந்தது. கடனாளியைப் பற்றிய டேட்டா மிஞ்சிப்போனால் பதினைந்து நாள் பழசு, அவ்வளவுதான். நான் இடையில் செத்துப்போனால் கடன் என்னாவது என்ற கவலையும் வங்கிக்கு இருந்தது. அதற்கு ஒரு பாலிசி, பிரீமியத்தையும் கடனோடு சேர்த்துவிட்டார்கள்.

கடைசியாக வேல்யுவேஷன். வங்கியின் பேனலில் இருந்த இன்ஜினீயர் ஒரு மத்தியான வெயிலில் ஸ்கூட்டரில் வந்தார். கையடக்க லேசர் கருவியை ஹால் சுவரில் வைத்து அளந்தார், இடமும் நேரமும் தானாகப் பதிகிற ஆப்பில் நாலாபக்கமும் படமெடுத்தார். ஸ்டில்ட் பார்க்கிங்கில், அதாவது கட்டடத்துக்கு அடியில் தூண்களுக்கு நடுவே கார் நிறுத்தும் இடத்தில் நின்று, மீட்டர் பலகையையும் ஒரு படம் எடுத்தார். அப்புறம் கிளிப்போர்டைத் திறந்து, விற்றவரைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “தண்ணிப் பிரச்சினை இருக்கா சார்?”

“சேச்சே. போர் எப்பவும் ஓடும் சார். இந்த சம்மர்லகூட ஒரு லாரி வாங்கலை.”

இன்ஜினீயர் எதையோ எழுதிக்கொண்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். 2019-ல் சென்னையில் தண்ணிப் பிரச்சினை என்றால் ஒரே அர்த்தம்தான். கேட்டவரும் சொன்னவரும் ஒரே பிரச்சினையைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. மொத்தம் இருபது நிமிடம். டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆபீஸ் அறிவு

இதில் வெட்கக்கேடான விஷயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் பிழைப்பே வீட்டுக் கடன்தான். ஓஎம்ஆரில் ஒரு கம்பெனி, அமெரிக்க வங்கிகளின் வீட்டுக் கடன் கோப்புகளை இரவு ஷிஃப்டில் சரிபார்க்கும் வேலை. பதினாறு வருடமாகிறது. ஒவ்வொரு கோப்பிலும் வெள்ள அபாய நிர்ணயப் படிவம் என்று ஒன்று இருக்கும். அந்த வீடு எந்த வெள்ள மண்டலத்தில் வருகிறது, எந்த வரைபடத் தாள், என்ன தேதியிட்டது என்று பார்ப்போம். ஏ, ஏஇ, விஇ என்றால் அபாயம். எக்ஸ் என்றால் கவலையில்லை. 1973-ல் வந்த சட்டப்படி, அபாய மண்டலத்தில் இருக்கும் வீட்டுக்கு வெள்ள இன்ஷூரன்ஸ் இல்லாமல் அங்குள்ள வங்கி கடன் கொடுக்க முடியாது. படிவம் இல்லாத கோப்பை நான் ஒரு நாளும் மேலே அனுப்பியதில்லை. ஹூஸ்டனில் எந்தக் கால்வாய் ஓரம் எந்த மண்டலம் என்பது எனக்கு அத்துப்படி. என் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் ஓடும் மழைநீர் கால்வாய் எந்த ஏரியிலிருந்து வருகிறது என்பது 2023 வரை தெரியாது.

அந்த வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு கணக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த அபாய மண்டலம் என்பது நூறாண்டு வெள்ளத்தை வைத்துப் போட்ட கோடு. நூறு வருடத்துக்கு ஒருமுறை வருவது என்று அர்த்தமில்லை. எந்த ஒரு வருடத்திலும் வருவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு. ஒரு சதவீதம் என்று கேட்டால் ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். ஆனால் வீட்டுக் கடன் ஒரு வருடத்தில் முடிகிற சமாச்சாரமா? முப்பது வருடக் கடனில் ஒருமுறையாவது அந்த வெள்ளம் வருவதற்கான வாய்ப்பு 26 சதவீதம். நம் ஊர் இருபது வருடக் கடனுக்குப் போட்டால் 18. கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று. இதை நான் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் போட்டுக் காட்டியிருக்கிறேன். 2017-ல் ஹார்வி புயல் வந்தபோது எக்ஸ் மண்டலத்து வீடுகளும் ஏராளமாக மூழ்கின. எதைப் பார்த்துக் கவலையில்லை என்று மேலே அனுப்பினோமோ அதே வீடுகள். அதைப் பற்றி கேன்டீனில் ஒரு வாரம் பேசினோம்.

இவ்வளவும் தெரிந்தவன் எப்படிக் கேட்காமல் விட்டான் என்று மனைவி பலமுறை கேட்டுவிட்டாள். அது ஆபீஸ் அறிவு. ஷிஃப்ட் முடிந்து கேப் ஏறும்போது ஐடி கார்டைக் கழற்றிப் பையில் போடுவோமே, அதோடு போய்விடும். தவிர, 2015 டிசம்பரில் நான் ஊரில் இருந்தேன். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை, செம்பரம்பாக்கம் ஏரியில் வினாடிக்கு 29,000 கனஅடி திறப்பு என்பதெல்லாம் எனக்கு டிவியில் பார்த்த செய்திதான்.

படிவத்தில் ஒரு வரி

மிக்ஜாம் புயலை எல்லோரும் எழுதிவிட்டார்கள். 2023 டிசம்பர் 4 காலையில் எட்டிப் பார்த்தபோது ஸ்டில்ட் பார்க்கிங்கில் கார்களின் கண்ணாடியும் கூரையும் மட்டும் தெரிந்தன. என்னுடையது சிவப்பு, மற்றவை வெள்ளை. மூன்று நாள் கரண்ட் இல்லை. படகு வந்தது, பால் பாக்கெட் வந்தது, ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது. இதெல்லாம் உங்களுக்கும் தெரியும்.

எனக்கு அன்றைக்கு உறைத்தது வேறு. படிக்கட்டின் கடைசி வறண்ட படியில் நின்றுகொண்டிருந்தேன். பழுப்புத் தண்ணீர், அதன் மேல் யாருடைய செருப்போ ஒன்று, ஒரு தெர்மாகோல் பெட்டி. அதற்கெல்லாம் மேலே, எட்டு மீட்டரும் சொட்டுத் தண்ணீர் படாமல் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பக்கத்தில் நின்ற முதல் மாடிக்காரர், கட்டியது முதல் இங்கேயே இருப்பவர், என் பார்வை போன இடத்தைப் பார்த்துவிட்டு, “2015-ல அஞ்சடி சார். எல்லா மீட்டரும் போச்சு. அதுக்கப்புறம்தான் ஏத்தி வெச்சோம்” என்றார். ரொம்ப சாதாரணமாகச் சொன்னார். எனக்கு நாலு வருடமாகத் தெரியாது என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

தண்ணீர் வடிந்ததும் கார் க்ளெய்முக்காகப் பீரோவில் கோப்புகளைக் கிளறும்போது வேல்யுவேஷன் ரிப்போர்ட்டின் நகல் கையில் கிடைத்தது. ஃபீஸ் நான் கட்டியது என்பதால் அன்றைக்கே கேட்டு வாங்கி வைத்திருந்தேன், படித்ததில்லை. ஒன்பது பக்கம். நான்கெல்லை, கட்டடத்தின் வயது, மீதி ஆயுள், பிரிபடாத பாகம், வழிகாட்டி மதிப்பு, சந்தை மதிப்பு, அவசரத்துக்கு விற்றால் எவ்வளவு போகும் என்பது வரை இருக்கிறது. மூன்றாம் பக்கத்தில், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்ட் எல்லாம் கிட்டத்தில் உண்டா என்ற வரிக்கு முந்தைய வரி: அடிக்கடி வெள்ளம் சூழவோ மூழ்கவோ வாய்ப்பு உண்டா? பதில்: இல்லை.

ரொம்ப நேரம் அந்த ‘இல்லை’யைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வங்கி கேட்கவில்லை என்று அதுவரை ஊரெல்லாம் திட்டிக்கொண்டிருந்தேனே, கேட்டிருக்கிறது. அச்சடித்த படிவத்தில் அதற்கென்றே ஒரு வரி இருந்திருக்கிறது. அந்த வரியை நிரப்பக் கேட்ட கேள்விதான் அந்தத் தண்ணிப் பிரச்சினை. இன்ஜினீயர் வெள்ளத்தைக் கேட்டார், விற்றவர் பஞ்சத்துக்குப் பதில் சொன்னார். இல்லை, அவர் தெரிந்தேதான் பஞ்சத்துக்குப் பதில் சொன்னாரா? 2015-ல் அவர் இதே வீட்டில்தான் இருந்தார். ஆனால் ‘அடிக்கடி’ என்றால் எத்தனை தடவை? நாலு வருடம் முந்தி ஒருமுறை ஐந்தடி வந்தது அடிக்கடியில் சேருமா? அவர் இடத்தில் நான் இருந்தால் சேராது என்றுதான் சொல்லியிருப்பேன். இதை அப்போது ஒரு பேச்சுக்குத்தான் நினைத்தேன்.

ஒரே தண்ணீர், இரண்டு அளவு

கார் இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்தார். வெள்ளத்தில் நின்ற காரை அவர்கள் மூன்று நிலையாகப் பிரிக்கிறார்கள். தரை விரிப்பு வரை, சீட் வரை, டேஷ்போர்டு வரை. மேலே போகப் போக க்ளெய்ம் கூடும். டேஷ்போர்டுக்கு மேலே போய்விட்டால் பெரும்பாலும் முழு நஷ்டம். நான் எல்லாவற்றுக்கும் படம் வைத்திருந்தேன். டேப் எடுத்துத் தூணில் இருந்த கறையை அளந்து, டேப்போடு சேர்த்துப் படமெடுத்திருந்தேன். 3 அடி 2 அங்குலம். தண்ணீர் இறங்கிய பிறகு எடுத்தது, ஏறியிருந்தபோது இன்னும் அதிகம் என்றுகூட வாதாடினேன். காரின் கண்ணாடியும் கூரையும் மட்டும் தெரிந்த படத்தைக் காட்டினேன். சர்வேயர் சரி என்று எழுதிக்கொண்டார்.

நாலு மாதம் கழித்து, 2024 ஏப்ரலில், ஒரு இன்ஜினீயரிங் கல்லூரியிலிருந்து இரண்டு மாணவர்கள் வந்தார்கள். ஒரு பையன், ஒரு பெண், கையில் டேப்லெட். தெருத்தெருவாக வெள்ள உயரத்தைப் பதிவு செய்கிறார்கள். 2015-க்குப் பிறகு தேசிய கடற்கரை ஆராய்ச்சி மையம், ஐஐடிகள், அண்ணா பல்கலைக்கழகம் எல்லாம் சேர்ந்து சென்னைக்கு வெள்ள எச்சரிக்கை அமைப்பு ஒன்றை உருவாக்கியது நமக்குத் தெரியும். இது அதல்ல, அவர்கள் துறையின் சொந்த வேலை. ஏன் வீடு வீடாக வரவேண்டும், மேலேயிருந்துதான் எல்லாவற்றையும் படமெடுக்கிறார்களே என்று கேட்டேன். அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள். மேகம் இருந்தால் சாதாரணப் படத்தில் ஒன்றும் தெரியாது. ரேடார் மேகத்தைத் துளைக்கும், ஆனால் கட்டடங்கள் நெருக்கமாக இருக்கிற தெருவில் சுவரில் பட்டுத் திரும்பி வருவதும் தண்ணீரில் பட்டு வருவதும் குழம்பிவிடும். தவிர அந்தச் செயற்கைக்கோள் மறுபடி அதே இடத்துக்கு மேல் வருவதற்குள் தண்ணீர் வடிந்துவிடும். “அதனால கடைசியில நீங்க சொல்றதுதான் சார் டேட்டா. மாடல் போடற நம்பரை இதோட ஒப்பிட்டுத்தான் சரிபண்ணுவோம்.”

அப்புறம் கேட்டாள்: “உங்க பில்டிங்ல எவ்வளவு தண்ணி சார்?” திரையில் நாலு பொத்தான். கணுக்கால், முழங்கால், இடுப்பு, மார்பு.

இங்கே அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது நான்தான் செயலாளர். மிக்ஜாம் முடிந்த வாரத்திலேயே ஒருவர், “பிளீஸ் டோன்ட் ஷேர் ஃபோட்டோஸ் வித் அவுட்சைடர்ஸ்” என்று போட, ஆறு கட்டைவிரல் விழுந்தது. அதில் ஒன்று என்னுடையது. தூண்களுக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும் என்று அடுத்த தீர்மானம். பொங்கலுக்குள் அடித்துவிட்டோம், கறை போய்விட்டது. மூன்றாவது மாடிக்காரர் வீட்டை விற்க முயன்றுகொண்டிருந்தார், பெண்ணுக்குக் கல்யாணம். மாணவர்கள் வரப்போகிறார்கள் என்று தெரிந்ததும் அவர் என் வீட்டுக்கே வந்து உட்கார்ந்தார். ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. “பாத்து சொல்லுங்க சார். ஒருதடவை எழுதிட்டாங்கன்னா அப்புறம் அது அங்கேயே நிக்கும்.”

நான் “முழங்கால்” என்றேன். அந்தப் பெண் பொத்தானைத் தொட்டாள். பையன் புதிதாக பெயின்ட் அடித்த தூணை ஒரு தடவை பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. நன்றி சொல்லிவிட்டுப் பக்கத்து கேட்டுக்குப் போனார்கள்.

மூன்றாவது மாடிக்காரருக்காகச் சொன்னேன் என்று அன்றிரவு எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. என் பாக்கிக் கடன் அப்போது நாற்பது லட்சத்துக்குப் பக்கம். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி 4 சதவீதத்திலிருந்து 6.5-க்கு ஏறியதில், ஈஎம்ஐயை ஏற்றாமல் தவணைக் காலத்தை நீட்டிவிட்டார்கள். இருபது வருடம் இருபத்தைந்து சொச்சமாகியிருந்தது. வீட்டின் விலை கடன் பாக்கிக்குக் கீழே போய்விட்டால் என்ன ஆகும் என்பது இந்த வேலையில் இருப்பவனுக்குத் தெரியும். சர்வேயரிடம் சென்டிமீட்டர் விடாமல் அளந்து கொடுத்த அதே ஆள், அதே தூண், அதே தண்ணீர். காசு வரும் பக்கம் மூன்றடிக்கு மேல், காசு போகும் பக்கம் முழங்கால்.

அங்கேயும் அசோசியேஷன்தான்

இதற்கப்புறம் ஆபீஸ் கோப்புகளை நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது. அபாய மண்டலத்திலிருந்து விலக்குக் கேட்டு வீட்டுக்காரர்கள் கொடுக்கும் மனுக்கள் சில கோப்புகளில் இருக்கும். சர்வேயரை வைத்து அளந்து, என் வீட்டின் அடித்தளத்தை ஒட்டிய தரை வெள்ள மட்டத்தைவிட இத்தனை அங்குலம் உயரம் என்று நிரூபித்தால், கட்டாய இன்ஷூரன்ஸிலிருந்து விடுபடலாம். முன்பெல்லாம் அது எனக்கு ஓர் இணைப்புத் தாள். இப்போது அதைப் பார்த்தால் எங்கள் மூன்றாவது மாடிக்காரர் முகம்தான் தெரிகிறது. அரசு வரைபடம் போதாது என்று தனியார் ஆய்வு நிறுவனங்களும் ஒவ்வொரு வீட்டுக்கும் வெள்ளம், தீ, காற்று என்று தனித்தனி மதிப்பெண் போட ஆரம்பித்தார்கள். ஃபர்ஸ்ட் ஸ்ட்ரீட் என்ற நிறுவனத்தின் மதிப்பெண்களை 2024-ல் ஜில்லோ என்ற அமெரிக்க வீடு விற்பனைத் தளம் விற்பனைக்கு வரும் வீடுகளோடு சேர்த்துக் காட்டியது. அடுத்த வருடக் கடைசியில் எடுத்துவிட்டது. மதிப்பெண் துல்லியமில்லை, வியாபாரம் கெடுகிறது என்று வீட்டுத் தரகர்கள் தரப்பிலிருந்து புகார். துல்லியமில்லை என்பது உண்மையாகவும் இருக்கலாம். ஒரே வீட்டுக்கு இரண்டு கணினி மாடல்கள் இரண்டு விடை சொல்வது சகஜம். ஆனால் அந்தச் செய்தியைப் படித்தபோது, பிளீஸ் டோன்ட் ஷேர் ஃபோட்டோஸ் என்பதுதான் காதில் விழுந்தது.

ரிசர்வ் வங்கி சும்மா இருக்கிறது என்று சொல்ல முடியாது. வங்கிகள் தங்கள் பருவநிலை அபாயங்களை வெளியிட வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் ஒரு வரைவு வந்தது. அக்டோபரில் பருவநிலை அபாயத் தகவல் தொகுப்பு ஒன்றை உருவாக்கப்போவதாக அறிவித்தார்கள். இருக்கிற தகவல் பல இடங்களில், பல வடிவங்களில், பல அலகுகளில் சிதறிக் கிடக்கிறது என்பதைக் காரணமாகச் சொன்னார்கள். அலகு என்ற இடத்தில் நான் கொஞ்சம் சிரித்துவிட்டேன். முழங்கால் ஓர் அலகு, டேஷ்போர்டு ஓர் அலகு.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதையும் சொல்லாவிட்டால் என் பொய் மட்டும்தான் பிரச்சினை போலாகிவிடும். 1930-களில் அமெரிக்காவில் கடன் கொடுக்கத் தகுதியில்லாத பகுதிகள் என்று வரைபடத்தில் சிவப்பு அடித்தார்கள். கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் அதில் வந்தன, பல பத்தாண்டுகளுக்கு அங்கே வீட்டுக் கடன் கிடைப்பதே அரிதாக இருந்தது. இப்போது அதே வேலையை வெள்ள வரைபடம் நீல நிறத்தில் செய்துவிடுமோ என்று அங்கே பேச்சிருக்கிறது. நம் ஊரில் நீலம் எங்கே விழும்? முடிச்சூர், வரதராஜபுரம், பள்ளிக்கரணை, பெரும்பாக்கம். கூவம் கரையிலும் அடையாறு கரையிலும் இருந்தவர்களை வெள்ள அபாயம் என்று சொல்லிக் கிளப்பி, சதுப்பு நிலத்தின் ஓரத்தில் பெரும்பாக்கத்தில் குடிவைத்தார்கள். அங்கே சிறுகச் சேர்த்து அரை கிரவுண்ட் வாங்கி வீடு கட்ட நினைக்கும் ஒருவனிடம், உன் இடத்துக்கு மதிப்பெண் போதாது, லோன் இல்லை என்று ஒரு கணினி சொன்னால் அவன் யாரிடம் போய் நிற்பான்? கந்துவட்டிக்காரனுக்கு மதிப்பெண் தேவையில்லை. இதை நினைக்கும்போது முழங்கால் என்று சொன்னது அவ்வளவு பெரிய தப்பில்லையோ என்றுகூடத் தோன்றும். பத்து நிமிடம்தான். நான் பெரும்பாக்கத்துக்காரனுக்காகச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும்.

இரண்டாவது முறை

மூன்றாவது மாடி 2024 ஆகஸ்டில் விற்றது. இளம் ஜோடி, இரண்டு பேருமே ஐடி. வங்கி அனுப்பிய இன்ஜினீயர் வந்தபோது நான் ஆபீஸில் இருந்தேன், அவர் என்ன கேட்டார், மூன்றாவது மாடிக்காரர் என்ன சொன்னார் என்பது தெரியாது. கிரகப்பிரவேசத்துக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். கீழே பந்தியில் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்த அந்தத் தம்பி, கைக்குட்டையால் துடைத்தபடி மேலே பார்த்து, “அங்கிள், மீட்டர் ஏன் இவ்ளோ மேல இருக்கு?” என்றார்.

பத்திரப் பதிவு முடிந்து மூன்று வாரமாகியிருந்தது. இனி உண்மையைச் சொல்லி அவருக்கு என்ன பிரயோஜனம் என்று யோசித்தேனா, அல்லது யோசிக்கவே இல்லையா, நினைவில்லை. “குழந்தைங்க கை வெச்சிடக் கூடாதுல்ல” என்றேன். பக்கத்தில் பாயசக் கிண்ணத்தோடு நின்ற மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

அன்றிரவே அந்த மாணவிக்குச் செய்தி அனுப்பினேன். கணக்கெடுக்க வந்த அன்று சந்தேகம் இருந்தால் அழைக்கச் சொல்லி எண் கொடுத்திருந்தாள். ‘ஏப்ரலில் எங்கள் கட்டட விவரத்தைத் தவறாகச் சொல்லிவிட்டேன். இடுப்பளவு. டேப்போடு எடுத்த படம் இருக்கிறது, அனுப்பட்டுமா?’ மறுநாள் மத்தியானம் பதில் வந்தது. ‘தேங்க்யூ சார். டேட்டா ஜூன்லயே ஃப்ரீஸ் பண்ணிட்டோம், தீசிஸும் சப்மிட் ஆயிடுச்சு. அடுத்த பேட்ச் பண்ணினா சொல்றேன்.’ ஒரு ஸ்மைலி.

2025 செப்டம்பரில் பசுமைத் தீர்ப்பாயம், ராம்சர் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் உள்ள பள்ளிக்கரணை சதுப்பு நிலத்திலும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்கும் ஆய்வு முடியும்வரை புதுக் கட்டட அனுமதி தரக்கூடாது என்று உத்தரவிட்டதும் எங்கள் வாட்ஸ்அப் குழு மறுபடி பற்றிக்கொண்டது. பழைய கட்டடத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நான் சொன்னதை யாரும் கேட்கவில்லை. ஒருவர் கூகுள் மேப்பில் கோடு போட்டு 900 மீட்டர் என்றார். இன்னொருவர் நடந்து போகும் வழியைப் போட்டு 1.3 கிலோமீட்டர், நாம வெளியேதான் என்றார். அவருக்கு ஏழு கட்டைவிரல். அந்த இளம் தம்பியும் போட்டிருந்தார்.

அவரிடம் இந்த மாதம் சொல்லிவிட்டேன். 2015-ல் ஐந்தடி, 2023-ல் இவ்வளவு என்று தூணில் கை வைத்தே காட்டினேன். “தெரியும் அங்கிள், மிதந்த கார் வீடியோவெல்லாம் யூட்யூப்ல பாத்துட்டேன்” என்றார். எப்போது பார்த்தார் என்று நான் கேட்கவில்லை. காரை மட்டும் நவம்பர் முதல் மேம்பாலத்தில் விடப்போவதாகச் சொன்னார். வீட்டுக்குத் தனியாக வெள்ளத்தையும் சேர்த்து இன்ஷூரன்ஸ் எடுக்கச் சொன்னேன். 2021 முதல் பாரத் கிருஹ ரக்ஷா என்று எல்லாக் கம்பெனியிலும் ஒரே மாதிரி பாலிசி இருக்கிறது, வெள்ளமும் அதில் அடக்கம். நான் எடுத்துவிட்டேன். அந்த விண்ணப்பத்திலாவது உண்மையான உயரத்தை எழுதலாம் என்று பார்த்தால், கேட்கவே இல்லை.

சரி, கேட்டால் கேட்கட்டும் என்று இங்கே எழுதி வைக்கிறேன். 2023 டிசம்பர், ஸ்டில்ட் பார்க்கிங், வாசலிலிருந்து இரண்டாவது தூண், 3 அடி 2 அங்குலம். பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் டேப் வைத்து அளந்தது. தெருவின் பெயரைப் போடவில்லை. இன்னும் பதினெட்டு வருடம் ஈஎம்ஐ இருக்கிறது.